தலைவருக்குத் தன் எண்ணம் தப்பு என்று எப்போது தெரியும்?

மார்ச் 2 (கேள்வி)

"பொறுப்பில் இருக்கும்வரை எந்தத் தலைவருக்கும் தன் எண்ணம் தப்பு என்று தெரிவதில்லை. நாற்காலி போன பிறகுதான் கண் திறக்கிறது. சுற்றி இருப்பவர்கள் ஆமாம் சாமி போடுவதுதான் காரணம். நாலு பேர் தைரியமாக எடுத்துச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். மாற்றுக் கருத்து இருந்தால் உதாரணத்தோடு சொல்லுங்கள்."

மார்ச் 2, இரவு

நேருவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 அக்டோபர் 20 விடியற்காலையில் சீனப் படை வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் தாக்கியது. ஐந்தே நாளில், அக்டோபர் 25 அன்று, நவீன உலகத்தின் நடப்பிலிருந்து விலகி நாமே உண்டாக்கிக்கொண்ட செயற்கையான சூழலில் இருந்துவிட்டோம் என்று வெளிப்படையாகப் பேசினார். அப்போது அவர்தான் பிரதமர், கட்சிக்குள் எதிர்த்து நிற்க ஆளே இல்லாத பிரதமர். நாற்காலியில் இருக்கும்போதே கண் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் நம்கா சூவில் இருந்த ஏழாவது பிரிகேட் (சில ஆயிரம் வீரர்கள் கொண்ட படை) சிதறிப்போய், அதன் தளபதி ஜான் தால்வியும் பிடிபட்டிருந்தார்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது இரண்டாவது பாதி. நாலு பேர் சொன்னார்கள். தைரியமாகவே சொன்னார்கள். அதை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3

கிழக்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த தோரட் 1959-லேயே எல்லையில் என்ன நடக்கலாம் என்று மதிப்பீடு எழுதி மேலே அனுப்பினார். 1960 மார்ச்சில் லக்னோவில் அதையே போர்ப் பயிற்சியாகவும் நடத்திக் காட்டினார். தரைப்படைத் தலைவர் திம்மய்யா அவர் பக்கம் இருந்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதை வீண் பீதி என்று ஒதுக்கினார். திம்மய்யாவோ 1959 ஆகஸ்ட் கடைசியில் ராஜினாமா கொடுத்து, நேரு சமாதானப்படுத்தியதால் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார். அடுத்த சில நாளில் அதே நேரு நாடாளுமன்றத்தில் அவரைக் குறைசொல்லிப் பேசினார். அதைப் படித்த ஒவ்வொரு ராணுவ அதிகாரியும் தனக்கான பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

1962 செப்டம்பரில் நம்கா சூவுக்கு மேலே இருக்கும் தாக் லா மலைமுகட்டிலிருந்து சீனரை விரட்ட உத்தரவு வந்தபோது, அந்தப் பகுதியின் கோர் (பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும்படை) தளபதி உம்ராவ் சிங் இது நடக்காத காரியம் என்று எழுத்திலேயே சொன்னார். என்ன ஆயிற்று? அக்டோபர் தொடக்கத்தில் புதிதாக ஒரு கோர் உண்டாக்கி, அந்தப் பொறுப்பை பி.எம். கவுலிடம் கொடுத்தார்கள். உம்ராவ் சிங்குக்கு அந்தப் பகுதியே இல்லாமல் போனது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது கல்வான். 1962 ஜூலையில் லடாக்கில் இருக்கும் கல்வான் பள்ளத்தாக்கில் நம்முடைய சாவடி ஒன்றைச் சீனர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூர்க்கா வீரர்கள் நகரவில்லை. சீனர்களும் சுடவில்லை. டெல்லியில் இதைப் படித்த விதம்: "பார்த்தீர்களா, நாம் உறுதியாக நின்றால் அவர்கள் அடிக்க மாட்டார்கள்." முன்னேறிச் சாவடி போட்டால் சீனா திருப்பி அடிக்காது என்பது உளவுத்துறையின் கணிப்பு. அப்படிச் சாவடி போடலாம் என்று 1961 நவம்பரில் எடுத்த முடிவே அந்தக் கணிப்பின் மேல் நின்றது. கழுத்தை நெரிக்கும் தூரத்துக்கு எதிரி வந்து நின்றதைக்கூட அந்த எண்ணம் தனக்குச் சாதகமான சாட்சியாக மாற்றிக்கொண்டது.

இடித்துச் சொல்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். 1962-ல் இடித்துச் சொல்ல ஆள் இருந்தது. சொன்னதை வாங்கி வைக்கத்தான் இடமில்லை.

மார்ச் 3, பிற்பகல்

ஒன்று விட்டுப்போயிற்று. கவுல் வெறும் ஆமாம் சாமி என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபர் 10 அன்று நம்கா சூவுக்கு வடக்கே செங் ஜோங்கில் பஞ்சாப் படைப்பிரிவின் சிறு அணி மேல் சீனர்கள் பெரும் எண்ணிக்கையில் பாய்ந்ததை அவர் நேரில் பார்த்தார். உடனே டெல்லி போய் மறுநாள் இரவு பிரதமர் வீட்டில் நடந்த கூட்டத்தில் சொன்னார். அதற்கும் மறுநாள், அக்டோபர் 12, இலங்கைக்குப் புறப்படும் நேரத்தில், நம் மண்ணிலிருந்து அவர்களை அகற்ற ராணுவத்துக்குச் சொல்லியிருப்பதாக நேரு பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தாக்குதல் திட்டத்தை உள்ளுக்குள் தள்ளிவைத்தாயிற்று, ஆனால் வெளியில் சொன்ன பேச்சு அப்படியே நிற்கிறது. பிரிகேடும் பருத்திச் சீருடையோடு அந்த ஆற்றுப்பள்ளத்திலேயே நிற்கிறது. தலைவரின் மனதுக்குள் எண்ணம் கொஞ்சம் அசைந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வலிக்கிற உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 4, இரவு

போர், பிரதமர் என்றே பேசினால் நமக்குச் சம்பந்தமில்லாத மாதிரி ஆகிவிடும். நான் வேலை பார்த்த இடத்துக் கதை ஒன்று.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். நான் குவாலிட்டி லேபில் இருந்தேன். ராத்திரி ஷிப்டில் ரிங் ஃப்ரேமில் (நூல் நூற்கும் மெஷின்) நூல் அறுப்பு அதிகமாகிக்கொண்டே போனது. மேனேஜர் கெட்டிக்காரர், நேர்மையானவர், வேலை தெரிந்தவர். "ராத்திரியில் சைடர் பெண்கள் தூங்குகிறார்கள், அறுந்த நூலை ஒட்டுவதில்லை" என்பது அவர் முடிவு. ரிங் ஃப்ரேமைப் பார்த்துக்கொள்பவர்களைத்தான் சைடர் என்போம். அந்த முடிவு ஆகாயத்திலிருந்து வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் விடியற்காலை ரவுண்ட்ஸ் போனபோது, நூல் சுற்றிய கண்டுகளை எடுத்துப்போகும் டாஃபிங் வண்டியில் சாய்ந்து ஒரு பெண் தூங்குவதைப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி அவர் மனதில் பதிந்துவிட்டது. மேற்பார்வைக்குக் கூடுதலாக ஒரு மேஸ்திரியைப் போட்டார். அபராதம் பிடித்தார். அறுப்பு குறையவில்லை.

எங்கள் மில்லில் வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். இந்த வாரம் ராத்திரி வந்த அதே பெண்கள் அடுத்த வாரம் பகலில் வருவார்கள். பகலில் அவர்கள் கையில் அறுப்பு சாதாரண அளவுதான். சோம்பேறித்தனம் காரணம் என்றால் அது ஆளோடு போக வேண்டும். இதுவோ ஷிப்டோடு போகிறது. எங்கள் லேப் சீனியர் இந்த இரண்டு வாரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவர் மேஜையில் வைத்தார். மேனேஜர் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "பகலில் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், அதனால் பயந்து வேலை செய்கிறார்கள்."

இந்தப் பதிலைக் கவனியுங்கள். தப்பாகவும் தெரியவில்லை, எதிர்த்துப் பேசவும் வழியில்லை. எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் அந்த எண்ணம் அதைச் சாப்பிட்டுவிடும்.

கடைசியில் அதை அசைத்தது வயதான ஒரு சைடர் அம்மா. அபராதத் தாளில் கையெழுத்துப் போட வந்தபோது, "சார், பத்து மணிக்கு மேல தொண்டை வறண்டு போவுது சார், பகல்ல அப்படி இல்ல" என்றார். அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேனேஜருக்கு அது எங்கேயோ இடித்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் நடுராத்திரியில், ஈரப்பதம் காட்டும் மீட்டரை லேபில் வாங்கிக்கொண்டு டிபார்ட்மென்டுக்குள் போனார். நானும் கூடப் போனேன். ரிங் ஃப்ரேமில் 55-லிருந்து 60 சதவீதம் ஈரப்பதம் இருக்க வேண்டும். அதற்கு நன்றாகக் கீழே இருந்தது. மெஷின் ஓடும் சூட்டில், தண்ணீர் தெளிக்கும் பம்பு நின்றுவிட்டால் காற்று வறண்டுவிடும். பஞ்சு வறண்டால் நூல் அறும். ரிஜிஸ்டரைப் பார்த்தால் மணிக்கு மணி 58, 58, 58. ஒரே பேனா, ஒரே சாய்வு. வரப்போகிற நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் சேர்த்தே எழுதி வைத்திருந்தார்கள்.

பம்பை யார் நிறுத்தச் சொன்னது? பிளான்ட் ரூமில் சுவரில் ஒட்டியிருந்தது. கரண்ட் பில்லைக் குறைக்க இரவில் தேவையற்ற மோட்டார்களை நிறுத்தவும் என்று சில மாதம் முன்னால் வந்த சர்குலர். கீழே அவர் கையெழுத்து.

அந்தத் தாளின் முன்னால் அவர் ரொம்ப நேரம் நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 5

பிறகு என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, அபராதத்தைத் திருப்பிக் கொடுப்பதாகவும், சர்குலர் தன்னுடையது என்றும் சொன்னார். சம்பளத்தில் பணம் வந்தது. அறுப்பு இறங்கியது.

மார்ச் 6

மில் கதையைத் திரும்பப் படித்தேன். சுபமாக முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அது சரியில்லை.

ஈரப்பதம் சரியான அடுத்த வாரமே அவர் எலக்ட்ரிகல் செக்‌ஷனைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். "பொய் ரிஜிஸ்டர் எழுதியவர்கள் வேறு என்னவெல்லாம் எழுதியிருப்பார்கள்?" பெண்கள் மேல் இருந்த பார்வை அப்படியே இடம் மாறி இன்னொரு கூட்டத்தின் மேல் விழுந்தது. தகவல் திருந்திவிட்டது. 'கோளாறு என்றால் முதலில் ஆளைப் பார்' என்ற பழக்கம் திருந்தவில்லை. அந்த ரிஜிஸ்டரை எழுதியவர் எலக்ட்ரிகல் ஹெல்பர். பம்பை நிறுத்து என்று ஒரு தாள் சொல்கிறது, 58 இருக்க வேண்டும் என்று இன்னொரு தாள் சொல்கிறது. இரண்டிலும் கையெழுத்து மேனேஜருடையது. அந்த ஹெல்பர் இரண்டுக்கும் கீழ்ப்படிந்தார், அவ்வளவுதான்.

அவர் நிஜமாக மாறியது அதற்கும் அப்புறம். ரிஜிஸ்டரை எலக்ட்ரிகல் கையிலிருந்து எடுத்து, மீட்டரை ரிங் ஃப்ரேம் நடுவில் தொங்கவிட்டு, சைடர் பெண்களே பார்த்து எழுதும்படி செய்தார். எந்த எண் வந்தாலும் யாரையும் கேள்வி கேட்க மாட்டோம், மெஷினைத்தான் கேட்போம் என்று சொன்னார். சொன்னபடி நடந்தும் கொண்டார். முதல் மாதம் எல்லா எண்ணும் அழகாகவே வந்தது. பிறகுதான் நிஜ எண்கள் வர ஆரம்பித்தன. அந்த ஒரு மாதம் அவர் பொறுமையாக இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மார்ச் 8

கென்னடியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஒரே ஆள், பதினெட்டு மாத இடைவெளியில் ஒருமுறை படுதோல்வி, ஒருமுறை தப்பிப்பிழைப்பு என்பதால் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1961 ஏப்ரலில், காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, சுமார் 1,400 கியூப அகதிகளை அமெரிக்கா கியூபாவின் பன்றி வளைகுடாவில் இறக்கியது. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. அந்தத் திட்டத்தில் எல்லோருக்கும் தைரியம் தந்த ஓர் அம்சம்: சண்டை சரிப்படாவிட்டால் எஸ்காம்ப்ராய் மலைக்குள் போய் கெரில்லாவாக மாறிக்கொள்ளலாம். முதலில் யோசித்த இடம் திரினிதாத் என்ற ஊர், மலையடிவாரம். அங்கே இறங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று கென்னடி தயங்கியதால், மார்ச்சில் இடத்தைப் பன்றி வளைகுடாவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அந்த மலை சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் சதுப்பு நிலம். இடம் மாறியது, மலை நம்பிக்கை மட்டும் மாறாமல் கூடவே வந்தது. வரைபடத்தை விரித்து ஒரு விரலை வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தக் கூட்டங்களில் எதிர்ப்பே இல்லையா? செனட்டர் ஃபுல்பிரைட் கென்னடி முன்னிலையிலேயே வேண்டாம் என்றார். ஆலோசகர் ஷ்லெஸிங்கர் எதிர்த்துக் குறிப்பு எழுதினார், கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. ஆனால் யாருமே "மலைக்கு எப்படிப் போவார்கள்?" என்று கேட்கவில்லை. நல்லதா கெட்டதா என்று எதிர்த்தார்கள். நடக்குமா நடக்காதா என்பதை யாரும் அளக்கவில்லை.

1962 அக்டோபர் 16. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்த முதல் நாள். கென்னடியின் சாய்வு விமானத் தாக்குதல் பக்கம்தான் இருந்தது. அதே நாள் கூட்டத்தில், நாம் திடீரென்று துருக்கியில் ஏவுகணை வைப்பது போல இருக்கிறது, எவ்வளவு ஆபத்து என்றார். பாதுகாப்பு ஆலோசகர் பண்டி, நாம் வைத்திருக்கிறோமே என்றார். ஒலிநாடாவில் இது இருக்கிறது. அதிபரின் முகத்துக்கு நேராக ஒருவர் அதைச் சொல்ல முடிந்தது, அவர் மேல் யாரும் பாயவில்லை.

அக்டோபர் 21 அன்று விமானப்படையின் தாக்குதல் பிரிவுத் தளபதி ஸ்வீனியிடம், எல்லா ஏவுகணைகளையும் அழித்துவிடுவீர்களா என்று கேட்டார்கள். உறுதி தர முடியாது என்றார். மலைக் கேள்விக்குச் சமமான கேள்வி இது, இந்த முறை நேரத்தோடு கேட்கப்பட்டது. அக்டோபர் 27 அன்று, மாஸ்கோவில் தூதராக இருந்த தாம்ப்ஸன், துருக்கி விஷயத்தைக் கொடுக்காமலேயே சோவியத் தலைவர் குருஷேவ் இறங்கி வருவார், கியூபாவைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் போதும் அவருக்கு, என்று கென்னடியை மறுத்துப் பேசினார். அதிபர் வாதாடினார், கேட்டுக்கொண்டார். கடைசியில் கியூபாவைத் தாக்க மாட்டோம் என்ற உறுதியை வெளிப்படையாகவும், துருக்கி ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம் என்பதை ரகசியமாகவும் கொடுத்தார்.

மார்ச் 9

"மறுத்துப் பேசுவதற்கென்றே ஒருவரை நியமித்தால் போதாதா?" என்று ஒரு கேள்வி. இஸ்ரேல் அதைச் செய்தது. 1973 அக்டோபர் போருக்கு முன்பு, தூரம் போய்த் தாக்கும் விமானங்கள் கிடைக்கும்வரை எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது என்று அவர்கள் ராணுவ உளவுத்துறை நம்பியது. சிமான்-தோவ் என்ற இளம் அதிகாரி, எகிப்தின் பயிற்சி என்பது போருக்கான மறைப்பு என்று அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு முறை எழுதினார். மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. போர் வந்தது. விசாரணைக்குப் பிறகு எதிர்வாதம் செய்வதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எதிர்ப்பதே அவர் வேலை என்று ஆகிவிட்டால், "அவர் அப்படித்தான் சொல்வார்" என்று சுலபமாகத் தள்ளிவிடலாம். எங்கள் மில்லில் அந்த அம்மா சொன்னது எடுபட்டதற்குக் காரணம், அவர் எதிர்க்க வரவே இல்லை. தொண்டை வறள்கிறது என்று சொன்னார்.

மார்ச் 11

கலாம் கதையை நாம் பாதிதான் சொல்கிறோம் என்று எனக்கு நெடுநாள் வருத்தம். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்கள் முன் தானே பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-ல் வெற்றி வந்தபோது கலாமைப் பேசச் சொன்னார். இது எல்லோருக்கும் மனப்பாடம்.

மீதிப் பாதியையும் கலாமே மேடைகளில் சொல்லியிருக்கிறார். கவுன்ட்டவுனின் கடைசி நிமிடங்களில் கணினி ஏவுதலை நிறுத்தியது, கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு என்று காட்டியது. பக்கத்தில் இருந்த நிபுணர்கள், கசிந்தாலும் கையிருப்பு போதும் என்றார்கள். திட்ட இயக்குநராக அவர் கணினியைத் தாண்டி ஏவச் சொன்னார். இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது.

இங்கே யாரும் ஆமாம் சாமி போடவில்லை, யாரும் பயப்படவும் இல்லை. நல்ல நிபுணர்கள், நல்ல எண்ணத்தோடு, பல வருட உழைப்பு மேடையில் நிற்கும்போது, "போதும்" என்று கணக்கிட்டார்கள். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் கஷ்டமான உதாரணம். தவன் பொறுப்பேற்றதன் பயன் பெருந்தன்மை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தலை உருளுமோ என்ற பயம் இல்லாத இடத்தில்தான் கசிவை முன்பே பார்த்தவர் "நான் பார்த்தேன்" என்று ஆய்வுக் கூட்டத்தில் சொல்வார். அடுத்த ராக்கெட் பறக்க அந்த வாய்மொழி தேவை.

மார்ச் 11, சற்று நேரம் கழித்து

கணினிச் சிப் செய்யும் இன்டெல் கம்பெனியின் கதையை ஒருவர் போட்டிருக்கிறார். 1985-ல் அதன் தலைமையில் இருந்த ஆண்டி குரோவ், உடன் தலைமையில் இருந்த கார்டன் மூரிடம், நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதியவர் வந்தால் என்ன செய்வார் என்று கேட்க, மெமரி சிப்பை விட்டு வெளியேறுவார் என்று மூர் சொன்னது. நல்ல கேள்வி, எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கூடவே இதையும் சேருங்கள்: அதற்கு முன்பே அங்கே நடுமட்ட மேலாளர்கள், லாபம் அதிகம் தரும் சிப்புக்கு முதலில் உற்பத்தி என்ற விதிப்படி, மெமரியிலிருந்து மைக்ரோ பிராசஸருக்குப் பெரும்பகுதியை நகர்த்திவிட்டிருந்தார்கள். தலைமைக்குத் தெரிவதற்கு முன்பே தொழிற்சாலைத் தரைக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 14

கென்னடி பற்றி எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். 1962-ல் அவர் பார்வை சரியாகிவிட்டது என்ற தொனியில் எழுதிவிட்டேன். கியூபாவில் பத்தாயிரம் சோவியத் வீரர்கள் போல இருக்கலாம் என்று அமெரிக்கா அப்போது மதிப்பிட்டது. இருந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்களும் அங்கே தயாராக இருந்தன என்பது 1992-ல் ஹவானாவில் நடந்த சந்திப்பில்தான் வெளியே வந்தது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா அதைக் கேட்டு அதிர்ந்துபோனார். அவர்கள் திருத்திக்கொண்டது கேட்கத் தெரிந்த கேள்விகளை மட்டும். கேட்கத் தோன்றாத ஒன்று தீவில் உட்கார்ந்திருந்தது. அவசரப்படாமல், விமானத் தாக்குதலுக்குப் பதிலாக, திரும்பி வரக்கூடிய வழியாகக் கடல் முற்றுகையைத் தேர்ந்தெடுத்ததால் தெரியாத அந்த ஆபத்திலிருந்தும் தப்பினார்கள். தாக்கியிருந்தால், சரியாக யோசித்துத்தான் தாக்கினோம் என்று நினைத்துக்கொண்டே தாக்கியிருப்பார்கள்.

மார்ச் 17

புதிதாக ஒரு கிளைக்குப் பொறுப்பேற்றிருப்பவர், "சரி, திங்கட்கிழமை நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே உறுதியான ஓர் எண்ணம் இருக்கும். "கவுன்ட்டரில் இருப்பவர்கள் மெத்தனம்" என்பது மாதிரி. அதை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே, இந்த எண்ணம் தப்பாக இருந்தால் கண்ணில் என்ன படும் என்று ஒரே ஒரு விஷயம் எழுதுங்கள். எண்ணாகவோ கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதாகவோ இருக்கட்டும். இப்போதே எழுதிவிட வேண்டும், பார்த்த பிறகு எழுதினால் எங்கள் மேனேஜர் சொன்ன மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிடும். பிறகு உங்களுக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் மாதாமாதம் கொஞ்சமும் மாறாமல் அழகாக வரும் எண் எது என்று பாருங்கள். அந்த எண் பிறக்கும் இடத்துக்கு, அது பிறக்கும் நேரத்தில் போங்கள். யாரையும் திட்டாதீர்கள். உங்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது அங்கே சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு அடுத்த மாதம் என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். திம்மய்யாவுக்கு நடந்ததைக் கவனித்த மாதிரியே.